ஒரே தெய்வம், இரு சமயங்கள்: கரிசல் நிலச் சாத்தா வழிபாட்டின் வழிச் சமயத்தை வரையறுத்தல்

ஆய்வுச் சுருக்கம்

சமயம் என்பதற்குத் தரப்படும் வரையறைகள் பெரும்பாலும் நம்பிக்கையையோ நடைமுறையையோ அடிப்படையாகக் கொள்கின்றன. கடவுள் நம்பிக்கையை அளவுகோலாகக் கொண்டால் பௌத்தம் சமயம் ஆகாது; பொதுக்கொள்கையை அளவுகோலாகக் கொண்டால் இந்து சமயம் ஒரு சமயம் ஆகாது. விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் நிலத்தின் சாத்தா (அய்யனார்) வழிபாட்டையும், அதே தெய்வம் இலங்கையின் பௌத்த உழவரிடையே பெறும் இடத்தையும் ஒப்பிட்டு, நம்பிக்கைகளையும் நடைமுறைகளையும் ஒரு கூட்டம் எந்த வரிசையில் நிறுத்துகிறது என்பதே சமயத்தின் அடையாளம் என இக்கட்டுரை வாதிடுகிறது. ஒரு வழிபாட்டின் மூலத்தை அறிவது அதன் சமயத்தை அறிவதாகாது என்பதும் இதன்வழி விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சமயம், வரையறை, சாத்தா, அய்யனார், கரிசல், குலதெய்வம், பௌத்தம், மணிமேகலை, தலைவெட்டி முனியப்பன்.

முன்னுரை

வைப்பாற்றங்கரையில் அமைந்த விளாத்திகுளமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் மானாவாரி வேளாண்மையை நம்பிய கரிசல் நிலப்பகுதி. வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு நடக்கும். கம்பு, சோளம், உளுந்து, பாசி, பருத்தி, மிளகாய், மல்லி ஆகியவை இந்நிலத்தின் விளைச்சல்கள். அறுவடை பெரும்பாலும் முடிந்த பங்குனியில், உத்திர நாளன்று, பிழைப்புத் தேடித் தூத்துக்குடிக்கும் சிவகாசிக்கும் சென்னைக்கும் சென்ற குடும்பங்கள் தத்தம் சாத்தா கோயிலுக்குத் திரும்புகின்றன. தெரு வேறாக, ஊர் வேறாக, தொழில் வேறாக வாழ்பவர்கள் ஒரே கோயில் முன்னர்ப் பொங்கலிட்டுப் பங்காளிகள் என்று தம்மை உறுதி செய்துகொள்ளும் நாள் அது.

இவ்வழிபாடு எந்தச் சமயத்தைச் சேர்ந்தது? வழிபடுவோர் ‘இந்து’ என்றே கூறுவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அவ்வாறே பதிகிறது. ஆயினும் 1940இல் வெளிவந்த ‘பௌத்தமும் தமிழும்’ நூலில் மயிலை சீனி. வேங்கடசாமி, சாத்தா வழிபாடு பௌத்தத்தின் எச்சம் என்று வாதிட்டார். அவ்வாதம் இன்றும் ஆய்வாளரிடையே வலுவாக வழங்குகிறது. வழிபடுவோரின் கூற்றும் ஆய்வாளரின் கூற்றும் முரண்படும் இவ்விடத்தில், சமயம் என்ற சொல்லால் எதனைக் குறிக்கிறோம் என்ற வினா தவிர்க்க இயலாததாகிறது. இக்கட்டுரை அவ்வினாவை எடுத்துக்கொள்கிறது.

நம்பிக்கைவழி வரையறையும் அதன் இடர்ப்பாடும்

மானிடவியலாளர் எட்வர்டு டைலர் 1871இல் சமயத்தை ஆவிநிலை உயிர்கள் மீதான நம்பிக்கை எனச் சுருக்கமாக வரையறுத்தார். எமில் துர்க்கைம் 1912இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்தார். மறுப்பிற்கு அவர் முன்வைத்த முதன்மைச் சான்றுகளுள் ஒன்று பௌத்தம். துன்பம், துன்பத்தின் தோற்றம், துன்ப நீக்கம், அதற்கான நெறி என்னும் நான்கு வாய்மைகளில் படைப்புக் கடவுளுக்கு இடமில்லை. விடுதலை ஒருவர் தம் முயற்சியால் பெறுவது. எனவே புனிதமானவை எனப் பிரித்துவைக்கப்பட்டவை தொடர்பான நம்பிக்கைகளும் நடைமுறைகளும் ஒரு கூட்டத்தை அறநிலையில் பிணைக்கும்போது அது சமயமாகிறது என்றார் துர்க்கைம்.

மெல்ஃபோர்டு ஸ்பைரோ 1966இல் மீண்டும் மறுதலித்தார். பௌத்த நூல்கள் கூறுவது ஒருபுறமிருக்க, பௌத்தர்களாக வாழும் மக்கள் மனிதரினும் மேம்பட்ட ஆற்றல்களோடு உறவு கொள்கின்றனர். அவ்வுறவே சமயத்தின் அடையாளம் என்பது அவர் நிலைப்பாடு. இவ்விருவரும் ஒரே பௌத்தத்தைச் சான்றாகக் கொண்டு எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தது கருதத்தக்கது. ஒருவர் கோட்பாட்டைப் பார்த்தார். மற்றவர் வழக்கத்தைப் பார்த்தார்.

இந்திய நீதிமன்றங்களும் இவ்வினாவைத் தவிர்க்க முடியவில்லை. 1951ஆம் ஆண்டின் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டத்தை எதிர்த்து எழுந்த சீரூர் மடம் வழக்கில் உச்சநீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. சமயம் என்பது கடவுள் நம்பிக்கை உடையதாகவே இருக்க வேண்டியதில்லை என்று கூறிய அத்தீர்ப்பு, பௌத்தத்தையும் சமணத்தையும் அதற்குச் சான்று காட்டியது. சமயம் கோட்பாட்டோடு நின்றுவிடுவதில்லை. சடங்குகள், நோன்புகள், வழிபாட்டு முறைகள், உணவு உடை தொடர்பான ஒழுக்கங்களும் அதன் பகுதிகளாகலாம் என்றும் அது ஏற்றது. 1966இல் வந்த சுவாமிநாராயண மரபு தொடர்பான தீர்ப்பில் நீதிபதி கஜேந்திர கட்கர், இந்து சமயத்திற்கு ஒரே நிறுவனரோ ஒரே தெய்வமோ ஒரே கோட்பாடோ இல்லை என்பதை விரிவாக எடுத்துரைத்தார்.

இவற்றிலிருந்து பெறப்படுவது ஒன்று. நம்பிக்கையை மட்டும் கொண்டு வரையறுத்தால் பௌத்தம் ஒரு பக்கத்தில் வெளியேறுகிறது. இந்து சமயம் மறுபக்கத்தில் சிதறிப்போகிறது. நடைமுறையைச் சேர்த்துக்கொள்வது தேவை. ஆனால் அது மட்டும் போதுமா என்பதைச் சாத்தாவின் வழி ஆராயலாம்.

சாத்தா: எல்லையில் நிற்கும் தெய்வம்

சாத்தா என்னும் பெயர் ‘சாஸ்தா’ என்ற வடசொல்லோடு தொடர்புடையது. கற்பிப்பவர், ஆணையிடுபவர் என்பது அதன் பொருள். அமரகோசம் புத்தரின் பெயர்களுள் ஒன்றாக இச்சொல்லைத் தருகிறது. பௌத்தக் காப்பியமான மணிமேகலையை இயற்றியவர் சீத்தலைச் சாத்தனார். சிலப்பதிகாரம், பல்சமய நூல்களில் வல்ல பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வத்தைப் பற்றிப் பேசுகிறது. இவை சாத்தன் என்னும் பெயர் பௌத்தச் சூழலோடு தொடர்புகொண்டிருந்ததை உணர்த்துகின்றன.

மறுபுறம், ஏழாம் நூற்றாண்டில் அப்பர் தேவாரம் சாத்தனைச் சிவபெருமானின் மகனாகக் குறிப்பிடுகிறது. பிற்காலப் புராண மரபு அரிக்கும் அரனுக்கும் பிறந்த அரிகரபுத்திரன் எனக் கதை வகுத்தது. பூரணை, புட்கலை என்னும் தேவியர் இருபுறமும் அமர, ஒரு காலை மடித்து யோகப்பட்டை கட்டி வீற்றிருக்கும் கோலம் இக்கோயில்களில் நிலைபெற்றது. பெயரைக் கொண்டு பௌத்தம் என்றும், கதையைக் கொண்டு சைவ வைணவம் என்றும் வாதிட இடமுண்டு. ஆனால் இரு வாதங்களும் தெய்வத்தின் மூலத்தைப் பற்றியவை. வழிபடுவோர் என்ன செய்கின்றனர் என்பதைப் பற்றி அவை எதுவும் கூறுவதில்லை.

கரிசல் வழிபாட்டின் அமைப்பு

தென்மாவட்டச் சாத்தா கோயிலில் சாத்தா தனித்து இருப்பதில்லை. கருப்பசாமி, சுடலைமாடன், பேச்சியம்மன், சங்கிலிபூதத்தார் போன்ற காவல் தெய்வங்கள் உடனிருக்கின்றன. சாத்தாவுக்குப் படைக்கப்படுவது சைவப் படையல். ஆடும் கோழியும் காவல் தெய்வங்களுக்கு உரியவை. பலியிடும் வேளையில் சாத்தாவின் சந்நிதியைத் திரையிட்டு மறைக்கும் வழக்கம் பல கோயில்களில் உண்டு. ஒரே வளாகத்திற்குள் இரு உணவு முறைகள். ஒரு திரை அவற்றை வரிசைப்படுத்துகிறது.

குழந்தைக்கு முதல் முடி இறக்குதலும் காது குத்துதலும் இங்கே நடைபெறுகின்றன. திருமண அழைப்பிதழ் முதலில் இங்கே வைக்கப்படுகிறது. திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டுதல் இருப்பினும் குலதெய்வத்தை முந்திக்கொண்டு அங்குச் செல்லலாகாது என்பது பரவலான எண்ணம். கொடைச் செலவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கப்படுகிறது. வரி கொடுப்பவர் பங்காளி. மணமான பெண் கணவனின் குலதெய்வத்திற்கு உரியவளாகிறாள். இடம்பெயர்ந்த குடும்பம் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துச் சென்று புதிய ஊரில் கோயில் எழுப்புவதுண்டு. தம் சாத்தா எதுவென மறந்தவர்கள் பாபநாசம் மலைமேலுள்ள சொரிமுத்து அய்யனாரையோ தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனாரையோ நாடுகின்றனர்.

இவ்வமைப்பில் எவரும் ‘நீ எதை நம்புகிறாய்’ என்று வினவுவதில்லை. அரிகரபுத்திரன் கதையை அறியாதவரும் முழுமையான வழிபாட்டாளரே. ‘உன் சாத்தா எது’ என்பதே வினா. அது பிறப்பையும் குடியையும் இடத்தையும் கேட்கும் வினா. கடன் தவறினால் குடிக்குக் கேடு நேரும் என்ற அச்சம் நம்பிக்கையே எனினும், அது கோட்பாடாக ஓதப்படுவதன்று, செயலில் பொதிந்திருப்பது.

இலங்கையில் அதே தெய்வம்

நடைமுறை மட்டுமே சமயத்தை வரையறுக்கும் எனக் கொண்டால், அதே தெய்வமும் ஒத்த நடைமுறையும் உள்ள இடத்தில் அதே சமயம் இருக்க வேண்டும். இலங்கையின் வடமத்திய உலர்வலயம் இதனை மறுக்கிறது. கரிசலைப் போலவே மழையை எதிர்நோக்கி வாழும் அப்பகுதியின் சிங்கள உழவர்கள், ‘அய்யநாயக்க’ என்ற பெயரில் அய்யனாரைக் குளங்களின் காவல் தெய்வமாகப் போற்றுகின்றனர். குளம் நிரம்பவும் கரை உடையாதிருக்கவும் அவருக்குச் சடங்கு செய்கின்றனர். அவர்கள் பௌத்தர்கள், தம்மைப் பௌத்தர்கள் அல்லர் என்று அவர்கள் எண்ணுவதுமில்லை.

அய்யநாயக்க மட்டுமன்று. விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், கண்ணகியாகிய பத்தினித் தெய்வம் ஆகியோருக்கும் இலங்கைப் பௌத்தத்தில் தேவாலயங்கள் உள்ளன. பத்தினி வழிபாட்டைக் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பெருநூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இங்கு முதன்மையானது முறைமை. மழை, மகப்பேறு, நோய்நீக்கம் போன்ற உலகியல் தேவைகளுக்குத் தெய்வங்களை நாடுவர். வீடுபேற்றிற்குப் புத்தர் காட்டிய நெறியே வழி. தெய்வங்களும் பிறவிச் சுழலுக்கு உட்பட்டவை. பிக்குகளுக்கு அளிக்கும் தானத்தால் விளையும் புண்ணியத்தை மனிதர்கள் தெய்வங்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றனர். புண்ணியம் பெற்ற தெய்வங்கள் மனிதரைக் காக்கின்றன. அதாவது தெய்வமும் புத்தருக்குக் கீழே, அறத்திற்குக் கடன்பட்ட நிலையில் நிற்கிறது.

தெய்வம் ஒன்று, காவல் என்னும் பணி ஒன்று, வறண்ட நிலத்து உழவரின் அச்சமும் ஒன்று. வேறுபடுவது அத்தெய்வம் நிறுத்தப்படும் இடம். விளாத்திகுளத்து உழவருக்குச் சாத்தா குடியின் தலைத்தெய்வம். அனுராதபுரத்து உழவருக்கு அதே அய்யனார் பௌத்த அறத்தின் கீழ்நின்று பணிபுரியும் காவலர். சமயத்தை வேறுபடுத்துவது நம்பிக்கைகளின் பட்டியலோ சடங்குகளின் பட்டியலோ அன்று. அவற்றின் வரிசைமுறையே என்னும் முடிவுக்கு இவ்வொப்பீடு இட்டுச்செல்கிறது.

வரிசைமுறை: தமிழ்ப் பௌத்தத்தின் சான்று

இவ்வரிசைமுறை தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் இந்திரன் உண்டு, மணிமேகலா தெய்வம் உண்டு, தீவதிலகை உண்டு. தெய்வ நம்பிக்கையற்ற பௌத்தம் எனத் துர்க்கைம் கண்டது அங்கில்லை. ஆயினும் அத்தெய்வங்கள் அறத்திற்கு ஏவல் செய்கின்றன. சமயக்கணக்கர்தம் திறம்கேட்ட காதையில் வஞ்சி நகரில் அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, பூதவாதி முதலிய பலரின் கொள்கைகளை மணிமேகலை கேட்கிறாள். அங்குச் சமயம் என்பது வாதிட்டு நிறுவத்தக்க கொள்கை. ஆனால் காப்பியத்தின் பெரும்பகுதியில் அவள் செய்வது வாதம் அன்று. அமுதசுரபி ஏந்திப் பசிதீர்த்தல். கொள்கையும் செயலும் தத்தம் இடம் பெற்றபின், இறுதிக்காதையில் மும்மணிகளைச் சரணடைகிறாள். எது முடிவானது என்பதை அச்சரணமே அறிவிக்கிறது.

நவீன காலத்தில் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பௌத்தம் தழுவிச் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் தீபாவளி, கார்த்திகை தீபம், சங்கராந்தி போன்ற மக்கள் பண்டிகைகளுக்குப் பௌத்த விளக்கம் எழுதினார். நடைமுறையைக் கைவிடச் சொல்லாமல், அதன் பொருளைப் பௌத்தத்தின் கீழ் மறுவரிசைப்படுத்தியது அவர் முறை. அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் மேற்கொண்டு வழங்கிய 22 உறுதிமொழிகள் வேறு வழியைத் தேர்ந்தன. பிரம்மா, விஷ்ணு, மகேசுவரரை வணங்குவதில்லை, சிராத்தம் செய்வதில்லை, பிண்டம் வைப்பதில்லை என அவை முன்னைய நடைமுறைகளைப் பெயர்சொல்லி விலக்கின. ஒருவர் வரிசையை மாற்றினார். மற்றவர் வரிசையிலிருந்தே நீக்கினார். நடைமுறை எங்கு நிற்கிறது என்பதைத் தீர்மானிக்காமல் சமயம் மாறுவதில்லை என்பதை இருவருமே உணர்ந்திருந்தனர்.

பௌத்தம் வரிசையின் உச்சியைச் சரணத்தால் நிலைப்படுத்துகிறது, கீழ்ப்படிகளைத் திறந்துவிடுகிறது. சைவமும் வைணவமும் தத்தம் உச்சியை நிலைப்படுத்துகின்றன. ஆனால் இந்து சமயம் என்னும் பெருவட்டம் உச்சியையும் திறந்துவிடுகிறது. கரிசல் குடியானவர் சாத்தாவை முதலில் நிறுத்தினாலும், சிவனை முதலில் நிறுத்தினாலும் இந்துவாகவே இருக்கிறார். அங்கு வரிசையை வகுக்கும் உரிமை குடிக்கும் குருமரபுக்கும் பிரிந்துகிடக்கிறது. பொதுக்கோட்பாடு இன்மை அதன் குறைபாடன்று. வரிசையை வகுப்போர் பலர் என்பதன் விளைவு.

மூலம் வேறு, சமயம் வேறு

இவ்வரையறையின் பயன், மூலத்தையும் சமயத்தையும் குழப்பாதிருத்தலில் தெளிவாகிறது. கோவில்பட்டிக்கு மேற்கேயுள்ள கழுகுமலை இதற்கு அண்மைச் சான்று. எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்த முற்றுப்பெறாத வெட்டுவான் கோயில், பாறைமுகத்தில் வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள், மாணாக்கரும் குரத்தியரும் இடம்பெறும் வட்டெழுத்துக் கல்வெட்டுகள், அவற்றின் அருகே அய்யனார் கோயில், அடிவாரத்தில் முருகன் கோயில் ஆகியவை ஒரே குன்றைச் சார்ந்துள்ளன. கல் சமணத்தைக் கூறுகிறது. இன்று அக்குன்றில் பொங்கலிடுவோர் சமணர் அல்லர். இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை.

இவ்வேறுபாடு கல்விசார் நுட்பம் மட்டுமன்று என்பதைச் சேலம் பெரியேரி தலைவெட்டி முனியப்பன் கோயில் காட்டுகிறது. அங்கு முனியப்பனாக வழிபடப்பட்ட சிலை புத்தருடையது எனச் சேலத்தைச் சேர்ந்த பௌத்த அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. நீதிமன்ற ஆணைப்படி ஆய்வு செய்த தொல்லியல் துறை, தாமரைப் பீடத்தில் அமர்ந்த கோலம், தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட காதுகள் ஆகியவற்றைக் கொண்டு அது புத்தர் சிலையே என அறிக்கை அளித்தது. 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தனி நீதிபதி அதனை ஏற்று, சிலையைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் ஒப்படைக்கவும் அங்குப் பூசை நடைபெறாதிருக்கவும் ஆணையிட்டார்.

சிலையை அடையாளம் காட்டிய முறையில் தொல்லியல் தன் கடனைச் செய்தது. வரலாற்றில் மறைக்கப்பட்ட பௌத்தத்தை மீட்பது, அதனைத் தம் முன்னோர் நெறியாகக் கருதுவோருக்குத் தன்மான வினா. அயோத்திதாசரின் வழிவந்த அக்கோரிக்கையை எளிதாக ஒதுக்க இயலாது. அதேவேளை, முனியப்பனிடம் நேர்ந்துகொண்டு முடி இறக்கும் குடும்பத்திற்கு அவ்விடம் நினைவுச்சின்னம் அன்று. கடன் செலுத்தும் இடம். சிலையின் உருவ இலக்கணம் முதல் தரப்பின் வரலாற்றை நிறுவும். இரண்டாம் தரப்பின் சமயத்தைத் தீர்மானிக்காது. கல்லின் அடையாளம் ஒரு வினா. அக்கல்லின் முன் நிற்போரின் சமயம் மற்றொரு வினா. இரண்டையும் ஒரே விடையால் தீர்க்க முயலும்போது ஒரு தரப்பு தன் வரலாற்றை இழக்கிறது, அல்லது மறுதரப்பு தன் வழிபாட்டை இழக்கிறது.

சாத்தா கோயில்களைப் பௌத்த எச்சம் எனக் கூறும் ஆய்வும் இவ்வெல்லையை உணர வேண்டும். பெயரின் மூலம் பௌத்தமாக இருக்கலாம். அதனால் பங்குனி உத்திரத்தன்று பொங்கலிடும் பங்காளிகள் தம்மை அறியாத பௌத்தர்கள் ஆகிவிடுவதில்லை. அவ்வாறே, அவர்கள் இந்துக்கள் என்பதால் அப்பெயரின் பௌத்த வரலாறு அழிந்துவிடுவதுமில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. கடவுள் நம்பிக்கையோ பொதுக்கோட்பாடோ சமயத்தை வரையறுக்கப் போதா. முன்னதைப் பௌத்தமும் பின்னதை இந்து சமயமும் மறுதலிக்கின்றன.

2. நடைமுறையும் தனித்துப் போதாது. அய்யனார் வழிபாடு கரிசலில் இந்து சமயமாகவும் இலங்கை உலர்வலயத்தில் பௌத்தத்தின் பகுதியாகவும் இயங்குகிறது.

3. ஒரு கூட்டம் தன் நம்பிக்கைகளையும் நடைமுறைகளையும் எந்த வரிசையில் நிறுத்துகிறது, அவ்வரிசையை வகுக்கும் உரிமையை யாரிடம் விடுகிறது, அதனால் தன்னை எக்கூட்டமாக எண்ணுகிறது என்னும் மூன்றும் இணைந்ததே சமயம்.

4. பெயர், சிற்பம், கல்வெட்டு ஆகியவை மூலத்தை நிறுவும் சான்றுகள். வாழும் சமயத்தை அறிய, வழிபடுவோரின் வரிசைமுறையைக் கேட்டறிதல் வேண்டும்.

சாத்தா கோயில்களைக் களமாகக் கொள்ளும் ஆய்வாளர்கள் சிலையின் காலத்தைக் குறிப்பதோடு, திரை எப்போது இழுக்கப்படுகிறது, முதற்படையல் யாருக்கு, வரி யாரிடம் பெறப்படுகிறது, பிடிமண் எங்கிருந்து வந்தது ஆகியவற்றையும் பதிவு செய்தல் தேவை. அப்பதிவுகள் இல்லையெனில், ஒரு வழிபாட்டிடத்தின் சமயம் குறித்து நாளை எழும் வழக்கில் கல்லின் சான்று மட்டுமே எஞ்சும். அதனை வழிபட்டோரின் சான்று இராது.